எந்தத் தொழிலுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்? வகுப்பில் ஒரு பிள்ளை அம்மாவின் வேலையை மறைத்து எழுதியிருக்கிறாள்

விசுவமடு டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். போன கிழமை ஒன்பதாம் தரத்துக்கு "நான் மதிக்கும் தொழில்" என்று கட்டுரை கொடுத்தேன். வகுப்பில் 27 பேர். 19 கொப்பியில் டொக்டர், 5 கொப்பியில் எஞ்சினியர், 2 கொப்பியில் வங்கி வேலை, ஒன்றில் ஆசிரியர். இந்த ஊரில் வயல் இல்லாத வீடு குறைவு, ஆனால் கமம் என்று ஒரு பிள்ளைகூட எழுதவில்லை.

அதைவிட ஒரு கொப்பிதான் என்னைத் தூங்க விடவில்லை. கட்டுரைத் தொடக்கத்தில் வீட்டைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை "என் அம்மா கந்தோரில் வேலை செய்கிறார்" என்று எழுதியிருக்கிறாள். "கந்தோரில்" என்ற சொல்லுக்குக் கீழே டிப்பெக்ஸ் பூசியிருந்தது. பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே "மிதிவெ" வரைக்கும் தெரிகிறது. அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். விடிய நாலரைக்குச் சந்தியில் வாகனம் ஏறி மிதிவெடி அகற்றப் போகிறவர், தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஏனம்மா என்று கேட்டேன். "அது மண் கிண்டுற வேலை எண்டு சொல்லுவினம் டீச்சர்" என்றாள்.

வருகிற புதன்கிழமை கொப்பிகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாத் தொழிலும் சமம் என்று சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் வீட்டில் அப்படி இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். உங்களிடம் நேராகவே கேட்கிறேன். எங்கள் சமூகத்தில் எந்தத் தொழிலுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்? ஏன்?

வட்டக்கச்சி வயல்காரன்:

டீச்சர், நான் கமக்காரன், ஆனால் கமக்காரன் என்று பதில் சொல்ல வரவில்லை. தைப்பொங்கல் மேடையில் எங்களைப் புகழ்கிறதுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். 2021 இல் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்த மாரிகாலக் காலபோகத்தில் என் வயல் மஞ்சளாக நின்றது, அப்போது மேடையில் பேசிய ஒருவரும் வரம்புப் பக்கம் வரவில்லை. அதை விடுங்கோ.

நான் சொல்ல வந்தது மாடு மேய்க்கிறவரைப் பற்றி. பிள்ளை படிக்காவிட்டால் எங்கள் வீடுகளில் முதல் வாயில் வருவது "நீ மாடு மேய்க்கத்தான் சரி" என்பதுதான். நானும் என் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பட்டியைப் பார்க்கிற ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. 140 மாடுகள். பின்னேரம் மாடு பட்டிக்குள் ஏறும்போது படலையடியில் நின்று பார்ப்பார், எண்ணுவதில்லை. கடைசி மாடு ஏறினதும் "வெள்ளைச்சியின்ரை நாம்பனைக் காணேல்லை" என்று சொல்லிவிட்டு டோர்ச் லைட்டோடு திரும்பிப் போவார். காலபோகம் விதைத்த நாளில் இருந்து மாட்டை வயல் பக்கம் விட முடியாது, காட்டோரம் கொண்டுபோய் ஒரு தறப்பாளுக்குக் கீழே மழைக்குள் மாதக் கணக்கில் இருக்க வேண்டும். அங்கே யானையும் வரும், பாம்பும் வரும். ஒரு இரவு அவர் அயர்ந்தால் யாரோ ஒருவனுடைய பயிர் போய்விடும், அடுத்த நாள் பொலிஸ் வரைக்கும் வழக்கு. மேய்ச்சல் தரை என்று முன்னம் இருந்த இடமெல்லாம் வேலி அடைத்துவிட்டார்கள், ஆனால் ஏச்சு அவருக்குத்தான் விழுகிறது. எந்த மாட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது, எது இன்று இரவு கன்று போடும் என்பதைத் தூரத்தில் நின்றே சொல்லுவார். இந்த அறிவை எந்தப் பரீட்சையில் வைக்கலாம் சொல்லுங்கோ.

அப்புறம் வாய்க்கால் பார்க்கிறவர். இரணைமடுக் குளத்தில் கோடையில் வருகிற சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிப்பார்கள், அதெல்லாம் கடுதாசியில். தண்ணீர் முறை வந்த இரவு பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, மேலே இருக்கிறவன் திருட்டாக மறித்த மண்மூடையை எடுத்துப் போட்டு, கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரும் வரைக்கும் வாய்க்கால் கட்டில் நடக்கிறவர் அவர். என் வயல் வாய்க்காலின் கடைசி. அவர் நீதியாக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இல்லை.

முகமாலைக் காற்று:

டீச்சர், நான் அந்த மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தவள். ஏழு வருடம். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சொன்னது பிழையில்லை, அது மண் கிண்டுகிற வேலைதான். எப்படிக் கிண்டுவது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை, அதுதான் உங்களுடைய உலகம். முழங்காலில் இருக்க வேண்டும். பாரமான அங்கி, முகத்துக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு கவசம். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் கவசத்துக்குள்ளே மூச்சு ஆவியாகப் படிந்து வெளியே தெரியாது, துடைக்கத் தூக்கவும் கூடாது, பின்னால் பாதுகாப்பான இடத்துக்கு வந்துதான் தூக்கலாம். இரும்பைக் காட்டிக்கொடுக்கிற மெஷின் சத்தம் போட்டால் அந்த இடத்தில் குத்தக்கூடாது. கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கி, மண்ணைச் சுரண்டிச் சுரண்டி, பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெடி மேலே மிதித்தால்தான் வேலை செய்யும். அநேகமாக ஆணியாக இருக்கும், இல்லாவிட்டால் சன்னம், மீன்ரின் துண்டு. நூறு தடவை ஆணி வந்தாலும் நூற்றோராவது தடவையும் முதல் தடவை மாதிரியே கிண்ட வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் சம்பளம். நான் எடுத்த முதல் மிதிவெடி என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது, பிறகு ஒரு கால் இல்லாமல் சந்தையில் மரக்கறி விற்கிற பெரியப்பாவை நினைத்தேன்.

ஒரு நாளைக்குச் சில சதுர மீற்றர்தான் போகலாம். அப்படிப் போன ஒரு காணியில் இப்போது கச்சான் போட்டிருக்கிறார்கள், பளைக்குப் போகும்போது பஸ்ஸில் இருந்து பார்ப்பேன், அந்தப் பக்க யன்னலில்தான் இருப்பேன்.

மதிப்பு என்று கேட்டீர்கள். எங்களோடு வேலை செய்த பெண்களில் நிறையப் பேர் குடும்பத்தைத் தனியாகச் சுமந்தவர்கள். ஒப்பந்த வேலை, ஓய்வூதியம் கிடையாது. வெளிநாட்டுக் காசு குறைந்தால் ஆட்களைக் குறைப்பார்கள், நானும் அப்படித்தான் நின்றேன். இலங்கை 2017 கடைசியில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது, 2028 க்குள் நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும் என்று காலக்கெடு. நிலம் துப்புரவான அடுத்த நாள் இந்தப் பெண்கள் என்ன வேலைக்குப் போவார்கள் என்பதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. நாற்பது வயதில், முழங்கால் நோவோடு, சான்றிதழ் என்று காட்ட ஒன்றும் இல்லாமல். என்னைக் கேட்டால் மதிப்பு அங்கேதான் தெரிய வேண்டும்.

கடலோரத்தான்:

டொக்டர் என்று எழுதிய 19 பிள்ளைகளையும் தயவுசெய்து குறையாக நினைக்க வேண்டாம் டீச்சர். மேலே எழுதியவர்கள் சொன்னதெல்லாம் சரி, ஆனால் வன்னிப் பிள்ளை டொக்டர் என்று எழுதுவதில் எங்களுக்கு ஒரு கதை இருக்கிறது.

2009 இல், போரின் கடைசி மாதங்களில், எனக்குப் பதின்நாலு வயது. புதுமாத்தளன் பாடசாலைதான் ஆஸ்பத்திரி. கட்டில் இல்லை, வகுப்பறைத் தரையிலும் வெளியே மரத்துக்குக் கீழேயும் ஆட்கள். அப்பாவுக்கு ஏற்றிய சேலைனை மரக்கொப்பில் கொழுவியிருந்தோம், காற்றுக்கு ஆடாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து இல்லை, மயக்க மருந்துகூடத் தட்டுப்பாடு. அந்த டொக்டருடைய கண் சிவந்து வீங்கியிருந்தது, எத்தனை நாள் தூங்கவில்லையோ தெரியாது. அவர் நினைத்திருந்தால் முன்னமே வெளிக்கிட்டிருக்கலாம். பிறகு செஞ்சிலுவைக் கப்பலில் அப்பாவைத் திருகோணமலைக்கு ஏற்றினார்கள், அப்பா இன்றைக்கும் இருக்கிறார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனது இரண்டு தொண்டர் பெடியன்கள். ஒரு கதவைக் கழற்றி அதில் கிடத்தித் தூக்கினார்கள். ஷெல் விழுந்தபோது கதவை மெல்லமாகக் கீழே வைத்துவிட்டுத்தான் படுத்தார்கள், போட்டுவிட்டு ஓடவில்லை. அவர்களுடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை. டொக்டருக்கு அம்மா வருடா வருடம் கோயிலில் அர்ச்சனை செய்கிறா, அந்தப் பெடியன்களுக்கு எந்தப் பெயரில் செய்வது?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிறைய டொக்டர்மார் வெளிநாடு போய்விட்டார்கள். திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது. ஆனால் என் மனதில் மதிப்பு வெள்ளைக் கோட்டுக்கு இல்லை, போகலாம் என்ற நேரத்தில் நின்றவருக்குத்தான்.

துணுக்காய்ப் பிள்ளை:

குடும்பநல உத்தியோகத்தரை, அதுதான் வீடு வீடாக வருகிற மருத்துவிச்சியை, மறந்துவிட்டீர்களே. எங்கள் குடியேற்றத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்து பதினெட்டுக் கிலோமீற்றர், மாரியில் பாதை முழங்கால் வரை தண்ணீர். அந்த அக்கா மோட்டார் சைக்கிளை அந்தக் கரையில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, நிறை பார்க்கிற தராசைத் தோளில் போட்டுக்கொண்டு வருவா. யானை நிற்குது என்று சொன்னால் அரை மணித்தியாலம் பொறுத்து வருவாவே தவிர வராமல் விடமாட்டா. என் மகளுக்கு நிறை குறைவு என்று கண்டுபிடித்து, அவளுக்குக் கொடுத்த திரிபோஷாச் சத்துமாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம் என்றும் கண்டுபிடித்து ஏசினா. ஏச்சு வாங்கினது நல்லது, பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்கு ஓடுகிறாள்.

தருமபுரம் பேரன்:

எந்தத் தொழில் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையில் உதவினவரைச் சொல்லுவோம், அது இயல்பு. நான் வேறு பக்கத்தால் வருகிறேன்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா இங்கே காடு வெட்டினார், அடுத்தவருடைய வயலில் கூலிக்கு நின்றார். அம்மா ஒரு அரச கந்தோரில் சுத்திகரிப்பு வேலை, இருபத்திரண்டு வருடம். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய் அங்கே மூலையில் இருந்து படிப்பேன். காலையில் வருகிற எல்லாரும் கிளாக் அக்காவுக்கு "வாங்கோ, இருங்கோ". அம்மாவுக்கு "இஞ்ச வா, இதைக் கூட்டு". சொன்னவனுக்கு இருபத்தைந்து வயது, அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. எங்கள் பேச்சில் நீ இருக்கிறது, நீர் இருக்கிறது, நீங்கள் இருக்கிறது. மதிப்பை அளக்கிற தராசு எங்கள் வாயிலேயே இருக்கிறது, வேறு எங்கும் தேட வேண்டாம்.

இதில் சாதியும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தொழில் மதிப்பைப் பற்றிக் கதைக்க முடியாது. செத்தவீட்டில் பறை அடிக்கிறவரும் வெள்ளைத் துணி கட்டுகிறவரும் இல்லாமல் பாடை வாசலைத் தாண்டாது. அவர்களை எங்கே இருத்திச் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று அடுத்த முறை பாருங்கள். இடம்பெயர்ந்து ஒரே தறப்பாளுக்குக் கீழே கிடந்தோம், ஒரே வரிசையில் நின்று கஞ்சி வாங்கினோம், அப்போது கொஞ்சம் மறந்திருந்தது. வீடு கட்டி மதில் எழும்பியதும் திரும்பி வந்துவிட்டது.

டீச்சர், புதன்கிழமை மதிப்புக்குரிய தொழில் எது என்று கேட்காதீர்கள். ஒரு நாளில் யாருக்கு "வாங்கோ" சொல்கிறாய், யாருக்கு "வா" சொல்கிறாய் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

விசுவமடு டீச்சர்:

எல்லாருக்கும் மிக்க நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தேன். தருமபுரம் தம்பி சொன்னதைப் புதன்கிழமை வரைக்கும் வைக்காமல் நேற்றே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன், இன்று எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையன் எழுதியிருந்தான், மீன் கொண்டு வருகிற ஐயாவுக்கு வீட்டில் எல்லாரும் "நீ" என்கிறோம், அவருக்கு அப்பப்பாவின் வயது என்று. கீழே வேறு ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதிப் பார்த்தேன். எங்கள் பாடசாலைக் காவலாளி என்னைவிட இருபது வயது மூத்தவர், இத்தனை வருடமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்திருக்கிறேன். இன்று பின்னேரம் வெளிக்கிடும்போது "போயிட்டு வாறன் அண்ணை" என்றேன், அவர் கேற்றைப் பிடித்தபடி ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் போன் எடுத்தேன். டிப்பெக்ஸ் கதையைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். வகுப்புக்கு வந்து வேலையைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்டேன். முதலில் நான் என்னத்தைச் சொல்ல என்றா, பிறகு பிள்ளையைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன் என்றா. லீவு எடுக்கலாமாம், ஆனால் வேலையிடத்துச் சாமான்களை வெளியே கொண்டுவர விடமாட்டார்களாம். முகமாலைக் காற்று அக்கா, காட்டுவதற்கு உங்களிடம் ஏதும் இருக்கிறதா?

முகமாலைக் காற்று:

கவசம் எல்லாம் விலகும்போது திருப்பிக் கொடுத்தாச்சு. முழங்காலுக்குக் கட்டுகிறது மட்டும் நான் சொந்தமாகத் தைத்தது, இரண்டும் வீட்டில் கிடக்கிறது. மெஷின் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு பெட்டியில் மண்ணும் கொஞ்சம் ஆணியும் ஒரு ரின் மூடியும் வையுங்கோ, எப்படிச் சுரண்டுவது என்று பிள்ளைகளையே முழங்காலில் இருத்திச் செய்ய வைப்போம். அந்தத் தங்கச்சி தனியாக வரக் கூச்சப்பட்டால் நானும் கூட வாறன். புதன்கிழமை எத்தனையாம் பாடம் என்று மட்டும் சொல்லுங்கோ.