பாட்டு சிடி தாவுகிறது, சிலது ஓடவே மாட்டேன் என்கிறது: கோளாறு தட்டிலா, பிளேயரிலா?

பழைய_பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். அலமாரியை ஒழித்தபோது ஒரு பெட்டி நிறையப் பழைய பாட்டு சிடிக்கள் கிடைத்தன. கூடவே அந்தக் காலத்து பிளேயரும். பல வருடமாகத் தொடாமல் கிடந்ததால் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் பவர் கொடுத்ததும் பிளேயர் உயிர் பெற்றுவிட்டது, சில தட்டுகள் அருமையாகப் பாடுகின்றன. மற்றவைதான் படுத்துகின்றன.

ஒரு ஒரிஜினல் சிடி, ஏழாவது பாட்டின் நடுவில் கீறல் விழுந்த ரெக்கார்டு போலச் சொன்னதையே சொல்லிக்கொண்டு நிற்கிறது. எப்போது போட்டாலும் அதே வரிதான். இன்னும் சில ஒரிஜினல்கள் முதல் பாதி சுத்தமாக ஓடும். கடைசி இரண்டு மூன்று பாட்டுக்கு வந்ததும் தாவல், டிக் டிக் சத்தம், சில நேரம் அப்படியே நின்றுவிடும். இவை மாட்டும் இடம் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மூன்றாவது ரகம் கம்ப்யூட்டரில் எழுதிய சிடிக்கள். போட்டால் கொஞ்ச நேரம் கிர்ரென்று தேடிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது.

எல்லாவற்றையும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாயிற்று, வித்தியாசம் தெரியவில்லை. லென்ஸ் சுத்தம் செய்யும் சிடி என்று விற்கிறார்களே, அதை வாங்கிப் போடலாமா? இல்லை, தட்டுகளை பாலிஷ் செய்ய வேண்டுமா? சில பதிவுகள் இனி எங்கும் கிடைக்காதவை. அதனால் கை வைக்கும் முன் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

மின்னல்:

வெள்ளைப் பற்பசையைக் கொஞ்சம் எடுத்துத் தட்டின் அடிப்பக்கம் தேய்த்துக் கழுவிவிடுங்கள். எனக்கு வேலை செய்திருக்கிறது. ஜெல் பற்பசை வேண்டாம்.

திருப்புளி:

பற்பசையை இப்போதைக்கு மூடி வையுங்கள். அது அழுக்கை எடுக்கும் பொருள் அல்ல, நைசான உப்புத்தாள் வேலை செய்யும் பொருள். தேய்த்தால் பிளாஸ்டிக் தேயும். எங்கே கோளாறு என்று தெரியாமல் நல்ல தட்டைத் தேய்ப்பானேன்?

ஆடியோ பெட்டிகளைப் பிரித்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் கேள்வியிலேயே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள். ஒரே இடத்தில் மாட்டினால் தட்டைச் சந்தேகப்படுங்கள். இடம் மாறி மாறி மாட்டினால், அதுவும் பல தட்டுகளில் ஒரே மாதிரி நடந்தால், பிளேயரைச் சந்தேகப்படுங்கள். ஊர்ஜிதம் செய்துகொள்ள, அதே தட்டுகளை வேறொரு பிளேயரிலோ கம்ப்யூட்டர் டிரைவிலோ போட்டுப் பாருங்கள். இதைச் செய்யும்வரை எதையும் தேய்க்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம்.

கடைசிப் பாட்டுகளில் மட்டும் ஏன் வருகிறது என்று கேட்பீர்கள். கிராமபோன் ரெக்கார்டுக்கு நேர்மாறாக சிடி உள்ளிருந்து வெளியே ஓடும். முதல் பாட்டு துளையை ஒட்டி இருக்கும், கடைசிப் பாட்டு விளிம்புப் பக்கம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று வரை சுழலும், விளிம்புக்குப் போகப் போக 200 வரை குறையும். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் வண்டி ஒரு தண்டவாளம் போன்ற கம்பியில் மெதுவாக வெளியே நகர்ந்துகொண்டே போக வேண்டும். பல வருடம் ஓடாத பிளேயரில் அந்தக் கம்பியில் போட்ட கிரீஸ் காய்ந்து பிசினாகிவிடும். உள்பக்கம் நன்றாக நகரும் வண்டி வெளிப்பக்கம் சிக்கிச் சிக்கி நகரும். உங்கள் இரண்டாவது ரகத்துக்கு என் பந்தயம் இதன் மேல்தான். நாம் விரல் வைத்துத் தூக்குவதும் விளிம்பைத்தான் என்பதால் கைரேகையும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அது இத்தனை தட்டில் ஒரே மாதிரி வராது.

எழுதிய சிடிக்களுக்கு வேறு கதை. அவற்றில் பாட்டு பதிவது சாயத்தில். அச்சடித்த தட்டைவிட ஒளியைக் கொஞ்சம் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அழித்து அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை இன்னும் மிகக் குறைவு. ஆகவே லென்ஸில் தூசி படிந்தாலோ லேசர் சோர்ந்தாலோ முதலில் முரண்டு பிடிப்பவை இவைதான். கூடவே இரண்டு விஷயம் பாருங்கள். அதில் இருப்பது எம்பி3 கோப்புகளாக இருந்தால் பழைய பிளேயருக்கு அது புரியாது. எழுதி முடித்து 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது பாட்டுப் பட்டியலை எழுதித் தட்டை மூடாமல், விட்ட தட்டாக இருந்தாலும் ஓடாது. இரண்டுக்கும் சுத்தம் செய்து பயனில்லை.

இனி தட்டைச் சுத்தம் செய்வது. விளிம்பையும் நடுத்துளையையும் மட்டும் பிடியுங்கள். வெறும் துணியால் துடைக்கும் முன் தூசியை ஊதி எடுங்கள். தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே கீறும். அதைவிட நல்ல வழி, வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, அலசி, பஞ்சு உதிராத மென்மையான துணியால் ஒற்றி எடுப்பது. துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கவே கூடாது.

காரணம் இதுதான். சிடியில் தவறு திருத்தும் கணக்கு ஒன்று சேர்ந்தே பதிந்திருக்கிறது. பாட்டின் தகவலைத் துண்டு துண்டாகக் கலைத்து வைத்திருப்பார்கள். ஓரிடம் போனாலும் மற்ற இடத்திலிருந்து கணக்குப் போட்டு மீட்டுவிடும். பாட்டு பதிந்திருக்கும் சுருள் தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரை மொத்தமாகப் போனாலும் ஒரு துளி சத்தம் குறையாது. தடத்துக்குக் குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மிகக் கொஞ்சமாகத்தான் கெடுக்கும், தப்பிவிடலாம். தடத்தோடு சேர்ந்து வட்டமாக விழுந்த கீறல் நீளமான ஒரு பகுதியை விழுங்கிவிடும். அதை எந்தக் கணக்கும் மீட்காது.

கீறல் எல்லாம் பெரிய விஷயமும் இல்லை. லேசர் ஒளி தட்டின் அடிப்பரப்பில் கிட்டத்தட்ட 0.8 மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்து, 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கைக் கடந்து, மேலே இருக்கும் அலுமினியப் படலத்தில்தான் ஒரு புள்ளியாகக் குவியும். அதனால் மேலோட்டமான சிலந்தி வலைக் கீறல்கள் அதன் கண்ணுக்கே தெரியாது. பார்க்கக் கோரமாக இருக்கும் தட்டு நன்றாகப் பாடுவது இதனால்தான்.

பயப்பட வேண்டியது மேல்பக்கத்துக்கு. பெயர் அச்சிட்ட பக்கத்தில் அலுமினியத்துக்கு மேல் மைக்ரான் கணக்கில் மெல்லிய பூச்சு, அதன் மேல் மை, அவ்வளவுதான். அங்கே ஆழமாகக் கீறினால் பாட்டே போயிற்று. எந்த பாலிஷும் திருப்பித் தராது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவது, ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்ப்பது எல்லாம் இதே கொலைதான்.

ஏழாவது பாட்டு மாட்டும் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்து மேல்பக்கம் வழியாகப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிகிறதா, கீறல் தெரிகிறதா, இல்லை அடிப்பக்கத்தில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று சொல்லுங்கள். எங்கே தேடுவது என்பதற்கு ஒரு குறிப்பு: பதிவு மையத்திலிருந்து 25 மில்லிமீட்டரில் தொடங்கி, முழுதாக நிரம்பிய தட்டில் 58 வரை போகும். வெளிச் சுற்றுகள் நீளமானவை என்பதால், நேரத்தில் பாதி என்பது தூரத்தில் பாதி அல்ல. 74 நிமிடத் தட்டில் 37ஆவது நிமிடம் மையத்திலிருந்து சுமார் 45 மில்லிமீட்டரில் இருக்கும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் குற்றவாளி அந்த வட்டத்தில்தான் எங்கேயோ இருப்பார்.

பழைய_பெட்டி:

அண்ணே, விலாவாரியாகச் சொன்னதற்கு நன்றி. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஏழாவது பாட்டு அங்கேயும் அதே வரியில் மாட்டுகிறது. கடைசிப் பாட்டில் தடுமாறியவை எல்லாம் கம்ப்யூட்டரில் கடைசி வரை சுத்தமாக ஓடுகின்றன. எழுதிய சிடிக்களில் பெரும்பாலானவை ஓடுகின்றன, அவை எம்பி3 அல்ல, பாட்டு சிடிதான். ஒன்று மட்டும் அங்கேயும் காலித் தட்டு என்று காட்டுகிறது.

ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் அடிப்பக்கம் ஒரு மங்கலான வட்டத் திட்டு இருக்கிறது, நகத்தால் தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு. மேல்பக்கம் சுத்தம், வெளிச்சம் எங்கும் ஒழுகவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவியும் அந்தத் திட்டு முழுதாகப் போகவில்லை.

திருப்புளி:

பிசுபிசுப்பு என்றால் நல்ல சேதி, அது கீறல் அல்ல. பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் வைத்த தட்டுகளில் இப்படிப் படிவதுண்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் துணியில் கொஞ்சம் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். தட்டின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட் வெளுத்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

பிளேயருக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு. எரிகிறதா என்று கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனாலேயே ஆபத்து. மின்சாரம் ஓடும்போது லென்ஸை எட்டிப் பார்க்கக் கூடாது. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, தொட்டாலே ஆடும். காது குடையும் பட்ஸில் அதே ஆல்கஹாலை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, அழுத்தாமல் ஒரு சுற்று, பின் உலர்ந்த பட்ஸில் ஒரு சுற்று. நீங்கள் கேட்ட லென்ஸ் சிடி என்பது அடியில் சின்ன பிரஷ் ஒட்டிய தட்டு. உதிரித் தூசியை எடுக்கும், படிந்த புகையையும் எண்ணெயையும் எடுக்காது. திறக்கத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

அப்புறம் கம்பி. வண்டியைக் கையால் மெதுவாக நகர்த்த முடியாத மாடல் என்றால் பல்சக்கரத்தைத் திருப்பி நகர்த்துங்கள். பழைய கிரீஸைத் துடைத்து எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். நிறையப் போட்டால் லென்ஸ் மேல் தெறிக்கும்.

லென்ஸ் பகுதியின் ஓரத்தில் மிகச் சின்ன ஒரு திருகு தெரியலாம். லேசர் சக்தியை ஏற்ற அதைத் திருப்பச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். திருப்பாதீர்கள். கொஞ்ச நாள் பிரமாதமாக ஓடும், பிறகு லேசர் நிரந்தரமாகக் கண்ணை மூடிவிடும்.

பின்வரிசை:

குறுக்கே ஒரு வார்த்தை. கிடைக்காத பதிவுகள் என்கிறீர்கள், அப்படியானால் சுத்தம் செய்து ஓடத் தொடங்கிய உடனேயே கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸ் என்றால் சிடிபேரனாயா. இரண்டும் சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒத்துப்பார்க்கும். சாதாரண மென்பொருள் தாவிவிட்டுப் போகும் இடத்தில் இவை மல்லுக்கட்டும். அடிபட்ட தட்டுக்கு நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம். நடுத்துளையை ஒட்டி விரிசல் இருக்கும் தட்டை மட்டும் கம்ப்யூட்டர் டிரைவில் போடாதீர்கள், வேகமாகச் சுழலும்போது உள்ளேயே உடைந்து சிதறலாம்.

பழைய_பெட்டி:

ஏழாவது பாட்டு முழுதாகப் பாடுகிறது! ஆல்கஹாலில் அந்தத் திட்டு போயே போய்விட்டது. பிளேயரில் கம்பியைத் துடைத்தபோது கிரீஸ் பழுப்பு நிறத்தில் மெழுகாக உருண்டு வந்தது, அதை எடுத்து வேறு பூசியதும் கடைசிப் பாட்டுத் தாவல் நின்றுவிட்டது. எழுதிய சிடிக்களில் பாதிக்கு மேல் இப்போது பிளேயரிலேயே ஓடுகின்றன. நகல் எடுக்கும் வேலை நடக்கிறது. அந்தக் காலித் தட்டுக்கு மட்டும் வழி உண்டா? அடிப்பக்கம் ஒரு ஓரம் மட்டும் நிறம் வெளுத்துத் தெரிகிறது.

திருப்புளி:

வெளுத்தது சாயம். வெயில் படும் இடத்தில் இருந்திருக்கும். பின்வரிசை சொன்னதுபோல வேறு வேறு டிரைவில், முடிந்தால் டிவிடி எழுதும் டிரைவில், போட்டுப் பாருங்கள். உள்வட்டத்தில் இருக்கும் பாட்டுப் பட்டியலை ஏதாவது ஒன்று படித்துவிட்டால் வெளுக்காத பகுதியிலிருக்கும் பாட்டுகளையாவது எடுத்துவிடலாம். எதிலும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதற்கு பாலிஷ் கிடையாது. மீதி எழுதிய சிடிக்களை முதலில் நகல் எடுங்கள். அச்சடித்த ஒரிஜினல்கள் காத்திருக்கும்.