ஹால் கம்ப்யூட்டர் ஷேர் ஃபோல்டர் பெட்ரூம் லேப்டாப்ல திறக்கல, ஃபயர்வால் தான் தடுக்குதா?

மீனா, செம்பூர்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்பா எங்க சொசைட்டிக்கு ட்ரெஷரர், 74 வயசு, ஹால்ல இருக்குற விண்டோஸ் 10 டெஸ்க்டாப்ல தான் கணக்கு எல்லாம் போடுவாரு. மெயின்டனன்ஸ் பில், ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட் ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபோல்டர், அதை ஷேர் பண்ணி வச்சிருக்கோம். நான் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பெட்ரூம்ல என் விண்டோஸ் 11 லேப்டாப்ல திறந்து கூட்டல் சரியா இருக்கான்னு பாத்து குடுப்பேன். ரெண்டு வருஷமா ஒரு பிரச்சனையும் இல்ல.

போன வாரம் டெஸ்க்டாப்ல ஆன்டிவைரஸ் முடிஞ்சு போச்சு, கடைக்காரர் வந்து பழசுக்குப் பதிலா ஃபயர்வாலும் சேந்த பெரிய பேக் போட்டு விட்டாரு, அன்னிலேர்ந்து ஃபோல்டர் திறக்கல. நெட்வொர்க்னு திறந்தா டெஸ்க்டாப் பேரு முன்னாடியும் வந்தது கிடையாது, நான் எப்பவும் \\192.168.1.5ன்னு அடிச்சு தான் போவேன். இப்ப அப்படி அடிச்சா பச்சைக் கோடு மெதுவா நகந்துகிட்டே இருந்து கடைசில நெட்வொர்க் பாத் கிடைக்கலன்னு எரர் வருது, நம்பர் 80070035ன்னு முடியுது. இன்டர்நெட் ரெண்டுலயும் நல்லா ஓடுது.

டெஸ்க்டாப்ல விண்டோஸ் ஃபயர்வால்ல ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் டிக் பண்ணேன், நெட்வொர்க்கை ப்ரைவேட்னு மாத்துனேன், புது ஃபயர்வால்ல எக்ஸ்ப்ளோரரை அனுமதி லிஸ்ட்ல சேத்தேன். எதுவும் வேலைக்காகல. செப்டம்பர் 30க்குள்ள சொசைட்டியோட வருஷாந்திரப் பொதுக்கூட்டம் (ஏஜிஎம்) வைக்கணும், ஆடிட்டர் கேட்ட பேப்பர் எல்லாம் அந்த ஃபோல்டர்ல தான். அப்பா பென் டிரைவ்ல காப்பி பண்ணி காப்பி பண்ணி குடுக்குறாரு, நேத்து பழைய ஃபைலை புதுசு மேல போட்டுட்டாரு, ஒரு நாள் முழுக்க உக்காந்து போட்ட என்ட்ரி போச்சு. ராத்திரி சரியா சாப்பிடக்கூட இல்ல அவரு. யாராவது வழி சொல்லுங்க.

சுரேஷ், டோம்பிவிலி

அக்கா, ரெண்டு ஃபயர்வாலையும் ஆஃப் பண்ணிடுங்க, உடனே திறந்துடும். எங்க வீட்ல மூணு வருஷமா ஆஃப்ல தான் இருக்கு. இல்லன்னா விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் எஸ்எம்பி 1ன்னு பழைய ஃபைல் ஷேரிங் முறை இருக்கும், அதை ஆன் பண்ணுங்க, யூட்யூப்ல எல்லாரும் அதான் சொல்றாங்க.

ராமநாதன், மாட்டுங்கா

சுரேஷ் தம்பி, நல்ல மனசோட தான் சொல்றீங்க, ஆனா ரெண்டுமே வேண்டாம், உங்க வீட்லயும் தயவுசெஞ்சு ஆன் பண்ணிடுங்க. 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஃபைலைப் பூட்டிப் பணம் கேக்குற வைரஸ் வந்துச்சே ஞாபகம் இருக்கா, அது பரவுனது இதே ஃபைல் ஷேரிங் வழியா, போர்ட் 445ல, அதாவது ஃபைல் ஷேரிங் பேசுற கதவு நம்பர்ல, எஸ்எம்பி 1ல இருந்த ஓட்டையை வச்சு. மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அந்த ஓட்டைக்கு அப்டேட் விட்டுட்டாங்க, போடாதவங்க தான் மாட்டுனாங்க. அன்னிக்கு என் கிளையன்ட் ஒருத்தர் ஆபீஸ்ல 11 மெஷின் ஒரே மத்தியானத்துல போச்சு, ஒரு மெஷின்ல ஆரம்பிச்சு வரிசையா மத்ததுக்குப் போனதை நான் நின்னு பாத்திருக்கேன். விண்டோஸ் 10, 11 ரெண்டும் எஸ்எம்பி 3 பேசும், அதுங்களுக்கு நடுவுல 1 எதுக்கு? அதுவும் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டே முடிஞ்சு போச்சு, அந்த மெஷின்ல போய் பழைய கதவைத் திறந்து வைக்கக்கூடாது.

மீனாம்மா, இப்ப உங்க விஷயம். நீங்க மாத்துனது எதுவும் எடுபடாததுக்குக் காரணம் இருக்கு. வேற கம்பெனி ஃபயர்வால் ஏறுனதும் விண்டோஸோட ஃபயர்வால் ஒதுங்கி அதுக்கு வழி விட்டுடும். டெஸ்க்டாப்ல விண்டோஸ் செக்யூரிட்டி திறந்து ஃபயர்வால் பக்கம் பாருங்க, யார் கையில பொறுப்பு இருக்குன்னு பேரோட போட்டிருக்கும். அந்தப் பேரு புது ஆன்டிவைரஸ்னா நீங்க விண்டோஸ்ல எத்தனை டிக் போட்டாலும் அது கேக்காது. விண்டோஸ்ல ப்ரைவேட்னு மாத்துனதும் அதுக்குத் தெரியாம இருக்கலாம், ஏன்னா நிறைய பேக் தனக்குன்னு தனியா ஒரு நெட்வொர்க் லிஸ்ட் வச்சுக்கும், புதுசா பாக்குற நெட்வொர்க் எல்லாத்தையும் பப்ளிக்னு குறிச்சு வச்சுடும், அதாவது உங்க வீட்டு ஹாலை சிஎஸ்டி ஸ்டேஷன் வைஃபை மாதிரி நினைச்சுக்கும்.

எக்ஸ்ப்ளோரரை சேத்தது ஏன் பலிக்கலன்னா, ஃபோல்டரை வெளிய குடுக்குற வேலையை எக்ஸ்ப்ளோரர் செய்யறது இல்ல, அது விண்டோஸுக்கு அடியில ஓடுது, ஃபயர்வால் எதை விட்டுச்சு, எதைத் தடுத்துச்சுன்னு எழுதி வைக்கிற லாக்ல (log) அது சிஸ்டம்ங்கிற பேர்ல தான் வரும்.

முதல்ல லேப்டாப்ல பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்டுக்கு டெஸ்க்டாப் அட்ரஸும் போர்ட் 445ம் குடுத்துப் பாருங்க. கடைசி வரியில ட்ரூன்னு வந்தா வழி திறந்திருக்கு, ஃபால்ஸ்னா அடைப்பு. பிங் (மெஷின் பதில் சொல்லுதான்னு பாக்குற கமாண்ட்) போட்டு முடிவு பண்ணாதீங்க, பிங்கை மட்டும் தனியா தடுக்குற ஃபயர்வால் நிறைய இருக்கு. அப்புறம் டெஸ்க்டாப்ல அந்த ஆன்டிவைரஸ்ல ஃபயர்வால் லாக் எங்க இருக்குன்னு தேடி, லேப்டாப்லேர்ந்து ஒரு தடவை ஃபோல்டர் திறக்க முயற்சி பண்ணி, அந்த நிமிஷத்துல என்ன வரி விழுதுன்னு இங்க எழுதுங்க. எதையும் ஆஃப் பண்ண வேண்டாம்.

மீனா, செம்பூர்

சார் ரொம்ப நன்றி, பொறுமையா எழுதிருக்கீங்க. நீங்க சொன்ன மாதிரியே பொறுப்பு புது ஆன்டிவைரஸ் பேர்ல தான் இருக்கு. 445 ஃபால்ஸ் வந்துச்சு. லாக்ல ராத்திரி 9:42க்கு விழுந்த வரி: உள்ளே வர்றது, சிஸ்டம், போர்ட் 445, அனுப்புனது 192.168.1.8, தடுக்கப்பட்டது. ஆனா எனக்கு பயமா இருக்கு சார், என் லேப்டாப்ல பாத்தா அட்ரஸ் 192.168.0.103ன்னு இருக்கு. அப்ப அந்த 1.8 யாரு? பக்கத்து ஃப்ளாட் பசங்க யாராவது எங்க வைஃபைல இருக்காங்களா?

ராமநாதன், மாட்டுங்கா

பயப்படாதீங்கம்மா. பெட்ரூம்ல தனியா ஒரு வைஃபை ரௌட்டர் வச்சிருக்கீங்களா? ஹால்ல இன்டர்நெட்காரன் வச்ச பெட்டி ஒண்ணு, அதுலேர்ந்து ஒயர் இழுத்து உள்ள இன்னொண்ணு?

மீனா, செம்பூர்

ஆமா சார், பழைய பில்டிங், சுவரு கனம், பெட்ரூம்ல சிக்னலே வராது. லாமிங்டன் ரோட்ல வாங்குன ரௌட்டர், ரெண்டு வருஷம் ஆச்சு.

ராமநாதன், மாட்டுங்கா

அப்ப அந்த 1.8 உங்க பெட்ரூம் ரௌட்டரே தான். சந்தேகம் தீரணும்னா அந்த ரௌட்டர் செட்டிங்ஸ்ல வேன் (WAN) அட்ரஸ், அதாவது ஹால் பெட்டி பக்கம் அதுக்கு இருக்குற அட்ரஸ், என்னன்னு பாருங்க, 192.168.1.8ன்னு இருக்கும். அது தனக்குப் பின்னாடி இருக்குற எல்லாத்தையும் மறைச்சு தன்னோட ஒரே அட்ரஸ்ல வெளிய பேசுது, அதனால லேப்டாப் கேட்டது டெஸ்க்டாப்புக்கு ரௌட்டர் கேட்ட மாதிரி தெரியுது. நெட்வொர்க்ல டெஸ்க்டாப் பேரு வந்ததே இல்லன்னு முதல்லயே சொன்னீங்க பாருங்க, அதுக்கும் இதான் காரணம். பேரு தேடுற சத்தம் ரெண்டாவது ரௌட்டரைத் தாண்டாது.

இப்ப செய்ய வேண்டியது, டெஸ்க்டாப்ல ஆன்டிவைரஸ் ஃபயர்வால்ல நெட்வொர்க் லிஸ்ட்டைத் திறந்து உங்க நெட்வொர்க்கை பப்ளிக்லேர்ந்து ஹோம் இல்லன்னா ட்ரஸ்டட்னு மாத்துங்க, அவங்க எந்த வார்த்தை வச்சிருக்காங்களோ அது. அவ்ளோ தான். ரூல் எழுதச் சொன்னா உள்ளே வர்ற டிசிபி 445, அனுப்புறவர் 192.168.1 வரிசை மட்டும்னு எழுதுங்க, எல்லா அட்ரஸும்னு விடாதீங்க. இன்டர்நெட் பெட்டியில வெளியேர்ந்து வர்றதை உள்ள அனுப்புற போர்ட் ஃபார்வர்டிங்னு ஒண்ணு இருக்கும், அதுல 445ஐ எந்தக் காரணத்துக்கும் போடவே கூடாது.

மீனா, செம்பூர்

திறந்துடுச்சு சார்!!! ட்ரஸ்டட்னு மாத்தி ஓகே குடுத்து லேப்டாப்ல 445 மறுபடி பாத்தேன், ட்ரூ. ஃபோல்டர் முன்ன மாதிரியே உடனே வந்துச்சு. வேன் அட்ரஸும் 1.8 தான். அப்பாவைக் கூப்பிட்டு காட்டுனேன், நாற்காலிய பக்கத்துல இழுத்துப் போட்டு உக்காந்து ஒவ்வொரு மாசமா திறந்து பாத்துட்டாரு.

ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா. நான் சரி பாத்த ஃபைலை என் லேப்டாப்ல ஒரு ஃபோல்டர்ல வச்சு அப்பா அங்கேர்ந்து எடுத்துக்கிட்டா ஒண்ணு மேல ஒண்ணு போடுற பிரச்சனை வராது. ஆனா டெஸ்க்டாப்லேர்ந்து லேப்டாப் ஃபோல்டர் ஒரு நாளும் திறந்தது இல்ல, ஆன்டிவைரஸ் மாத்துறதுக்கு முன்னாடியும்.

ஃபாத்திமா, முலுண்டு

மீனா, இதே ரெண்டு ரௌட்டர் கதை எங்க வீட்லயும் இருந்துச்சு, நான் சொல்றேன். ரெண்டாவது ரௌட்டர் உள்ளேர்ந்து வெளிய விடும், வெளியேர்ந்து உள்ள விடாது, அதனால ஹால்லேர்ந்து பெட்ரூமுக்கு வழியே கிடையாது, இதுல எந்த ஃபயர்வாலோட தப்பும் இல்ல. அந்த ரௌட்டர் செட்டிங்ஸ்ல ஆபரேஷன் மோட்ல ஆக்ஸஸ் பாயிண்ட்னு (தனி நெட்வொர்க் போடாம ஹால் நெட்வொர்க்கையே வைஃபையா நீட்டுறது) இருந்தா அதை வச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க. எங்களுதுல அது இல்ல, அதனால அதோட டிஎச்சிபிய, அதாவது தானா அட்ரஸ் குடுக்குற வேலையை, ஆஃப் பண்ணி, அதுக்கு 192.168.1.250ன்னு வேற யாருக்கும் இல்லாத அட்ரஸ் குடுத்து, ஹால்லேர்ந்து வர்ற ஒயரை வேன் ஓட்டையிலேர்ந்து பிடுங்கி லேன் ஓட்டையில சொருகுனோம். இந்த வரிசையிலயே பண்ணுங்க, ஒயரை முதல்ல மாத்திட்டா ரெண்டு பெட்டியும் அட்ரஸ் குடுக்க ஆரம்பிச்சு வீடே குழம்பிடும், எங்க வீட்டுக்காரர் அப்படி பண்ணி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க நெட் இல்ல.

மாத்துனதுக்கு அப்புறம் ரெண்டு விஷயம். லேப்டாப் அதை புது நெட்வொர்க்னு நினைச்சு பப்ளிக்ல போட்டுடும், அதை நீங்க தான் ப்ரைவேட்னு மாத்தணும். அப்பா உங்க ஃபோல்டரைத் திறந்தா யூசர் பேரும் பாஸ்வேர்டும் கேக்கும், அங்க உங்க பின் நம்பர் எடுக்காது, பின் அந்த மெஷின் முன்னாடி உக்காந்து நுழையுறதுக்கு மட்டும் தான். லேப்டாப்ல அப்பாவுக்குன்னு ஒரு லோக்கல் யூசர் உண்டாக்கி பாஸ்வேர்ட் வச்சு அந்த ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி குடுங்க. பாஸ்வேர்ட் இல்லாத யூசரை விண்டோஸ் நெட்வொர்க் வழியா உள்ள விடாது, காலியா விட்டுடாதீங்க.

ராமநாதன், மாட்டுங்கா

ஃபாத்திமா மேடம் சொன்னது சரி. கூடவே ஹால் பெட்டியில டெஸ்க்டாப்புக்கு 192.168.1.5ஐ ரிசர்வ் பண்ணி வச்சுடுங்க, கரண்ட் போய் வந்தா அட்ரஸ் மாறிடக்கூடாது.

மீனா, செம்பூர்

முடிஞ்சுது. எங்க ரௌட்டர்லயே ஆக்ஸஸ் பாயிண்ட் மோட் இருந்துச்சு. இப்ப லேப்டாப் அட்ரஸ் 192.168.1.12, லேப்டாப்ல ப்ரைவேட்னு மாத்துனதும் நெட்வொர்க்ல டெஸ்க்டாப் பேரு முதல் தடவையா வந்துச்சு. அப்பாவுக்கு யூசர் போட்டு பாஸ்வேர்டை அவரே கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிக்கிட்டாரு, போன மாசத்து பில்லை அவரே என் லேப்டாப்லேர்ந்து எடுத்து பிரிண்ட் போட்டுட்டாரு. சுரேஷ் தம்பி, உங்க வீட்ல ஆன் பண்ணிட்டீங்களா?

சுரேஷ், டோம்பிவிலி

பண்ணிட்டேன் அக்கா. எஸ்எம்பி 1ம் எடுத்துட்டேன். என் அண்ணன் ஃபோல்டர் மட்டும் இப்ப திறக்கல, ராமநாதன் சார் சொன்ன மாதிரி லாக் பாத்துட்டு ராத்திரி எழுதுறேன்.