புதுப்பிப்பு: குழந்தை வருமுன் வீட்டை ஒதுங்க வைக்கும் வேலை

32ஆவது வாரத்தில், அலமாரியைத் திறந்தாலே சாமான் சரிகிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தேன். இப்போது 36. தினமும் ஒரே ஒரு இழுப்பறை என்று சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி, அதுதான் கைகொடுத்தது. கனமான பெட்டிகளை என் கணவர் தூக்கினார்; நான் உட்கார்ந்தபடி பிரித்துக் கொடுத்தேன்.

ஒன்றில் மட்டும் மனம் மாறிவிட்டது. தொட்டிலுக்கென்று ஆசையாக எடுத்துவைத்த தலையணை, பக்கவாட்டு மெத்தை, பொம்மை எல்லாவற்றையும் கட்டிப் பரணில் போடச் சொல்லிவிட்டேன். முதல் 12 மாதம் குழந்தை தூங்குமிடத்தில் மிருதுவான பொருள் எதுவும் கூடாது, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. உறுதியான சமதள மெத்தை, இறுக்கமான விரிப்பு, அவ்வளவுதான். (பொம்மையைக் கட்டும்போது கண் கலங்கிவிட்டது.)

புத்தக அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்குவதுதான் பாக்கி. இந்த வாரம் முடித்துவிடுவோம்.