அதிக கோல் அடிப்பவர் மீதான பந்தயம்: சமநிலை வந்தால் என்ன கணக்கு?

கேள்வி: உலகக் கோப்பையில் அதிக கோல் அடிப்பவர் மீது பந்தயம் கட்டுவோர், கோப்பையை வெல்லக்கூடிய அணியின் முன்கள வீரரையே தேர்ந்தெடுக்க வேண்டுமா? பலர் சமமாக முடித்தால் பணம் எப்படிக் கணக்கிடப்படும்?

மறுமொழி 1: அது கட்டாயமன்று, நண்பரே. 1994இல் ரஷ்யா முதல் சுற்றோடு வெளியேறியபோதும், கேமரூனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்த ஒலெக் சலென்கோ, மொத்தம் 6 கோல்களுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2018இல் இங்கிலாந்தின் ஹாரி கேன் அடித்த 6 கோல்களில் 5, துனிசியாவுக்கும் பனாமாவுக்கும் எதிராக வந்தவை; அந்த ஆறில் மூன்று பெனால்ட்டி. ஆகவே குழுவில் பலவீனமான அணி உண்டா, பெனால்ட்டி அடிப்பவர் யார் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். (சமநிலையான ஆட்டத்தை முடிவுசெய்ய அடிக்கும் ஷூட்அவுட் கோல்கள் கணக்கில் சேரா.)

மறுமொழி 2: சலென்கோ விதிவிலக்கு என்றே கருதுகிறேன். 2022இல் 8 கோல் அடித்த எம்பாப்பேயும் 7 அடித்த மெஸ்ஸியும் இறுதி ஆட்டம் வரை ஆடியவர்கள்.

மறுமொழி 3: சமநிலையில், பல பந்தய நிறுவனங்கள் கட்டிய தொகையைச் சமமானவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, அந்தப் பங்குக்கு மட்டுமே முழு விகிதத்தில் பணம் தருகின்றன. 2024 யூரோ (ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை) போட்டியில் 6 பேர் தலா 3 கோல்களுடன் முடித்தார்கள்; அவர்களில் ஒருவர்மீது 600 கட்டியிருந்தால், அதில் 100 மட்டுமே வென்ற பந்தயத் தொகையாகக் கொள்ளப்படும்; மீதி 500 தோற்றதாகிவிடும். வேறு சில நிறுவனங்கள் தங்கக் காலணி (அதிக கோல் அடித்தவருக்கான விருது) பெற்றவரை மட்டும் ஏற்கக்கூடும். 2010 உலகக் கோப்பையில் நால்வர் தலா 5 கோல் அடித்தும், சக வீரர்களின் கோலுக்கு உதவிய எண்ணிக்கையால் அந்த விருது தாமஸ் முல்லருக்கே கிடைத்தது. எனவே பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.