7.2 கிலோவாட் கார் சார்ஜர்: 4 ஸ்கொயர் வயர் போதுமா?

கேள்வி: மீட்டரிலிருந்து கார் நிறுத்துமிடம் 20 மீட்டர், சிங்கிள் ஃபேஸ். எலக்ட்ரீஷியன் 4 ஸ்கொயர் (குறுக்குவெட்டு 4 சதுர மில்லிமீட்டர்) வயர் போதும் என்கிறார். சரிதானா?

பதில் 1: வேண்டாங்க. 230 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில் விடாமல் ஓடும். குறைந்தது 6 ஸ்கொயர் செம்பு. வெயில் படும் பைப்புக்குள் போனால் 10 ஸ்கொயர். தனி லைன், 40 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). ஸ்க்ரூ லூசாக இருந்தால் முதலில் கருகுவது வயரை மாட்டும் டெர்மினல்தான்.

பதில் 2: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். கடைக்காரர் டைப் ஏசி (ஏசி கசிவை மட்டும் கண்டுபிடிக்கும் வகை) கொடுப்பார், வாங்காதீங்க. டிசி கசிவு வந்தால் அது ட்ரிப் ஆகாமல் போகலாம். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவுப் பாதுகாப்பு இருந்தால் டைப் ஏ போதும், இல்லையென்றால் டிசி கசிவையும் கண்டுபிடிக்கும் டைப் பி.

பதில் 3: எர்த்தை மறந்துட்டீங்களே! எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கோடு நின்றுவிடும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் அளந்து பாருங்க. மின்வாரியத்தில் அனுமதி பெற்ற லோடு எவ்வளவு என்பதையும் முதலிலேயே பார்த்துடுங்க.