டிஸ்கஸ் வளரவே இல்லை, கண் மட்டும் பெரிசாகத் தெரிகிறது

தக்கலை மீன்தொட்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாசம் ஆறு டிஸ்கஸ் மீன் குஞ்சு வாங்கினேன், எல்லாம் இரண்டரை இன்ச். தை பிறந்தாச்சு, பெரியதே நாலு இன்ச்சை எட்டவில்லை. சின்னது இரண்டும் மூன்று இன்ச்சிலேயே நிற்கிறது, கண் முழித்த மாதிரி பெரிசாக இருக்கிறது. மூன்றடித் தொட்டி, அடியில் மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். காலையும் ராத்திரியும் பெல்லட் தீனி. ஞாயிற்றுக்கிழமை கால்வாசித் தண்ணீர் மாற்றுவேன், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். நம்ம ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள். இவ்வளவுதான் வளருமா?

நாகர்கோவில் கப்பி:
ஹீட்டர் கட்டாயம் வேண்டும். மற்றதைக் குலசேகரம் அண்ணன் சொல்லுவார்.

குலசேகரம் டிஸ்கஸ்:
தம்பி, இவ்வளவுதான் என்று விட்டுவிடாதீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

டிஸ்கஸ் குஞ்சு நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் சளியைக் கொத்தித் தின்றுதான் முதல் இரண்டு மூன்று வாரம் பிழைக்கும். அப்போது மற்ற மீன்குஞ்சு போல நீளமாக இருக்கும், தட்டு வடிவம் பிறகுதான் வரும். அதிலிருந்து ஒரு வயசு வரை ஒரே ஓட்டம். நல்ல கவனிப்பில் ஆறு மாசத்தில் நாலு இன்ச் தொடும், வருஷம் முடியும்போது ஐந்தரை, ஆறு. அப்புறம் இரண்டு வயசு வரை மெதுவாக ஏறும். முழு மீன் ஆறிலிருந்து எட்டு இன்ச். முதல் வருஷத்தில் விட்ட வளர்ச்சியை அப்புறம் முழுசாகப் பிடிக்க முடியாது.

உடம்பு வளர்ச்சி தடைபட்டாலும் கண் அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. அதனால்தான் சின்ன உடம்பில் கண் பெரிசாகத் தெரிகிறது. உடம்பும் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகப் போகும். மீன் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், கண்ணைப் பாருங்கள். இரண்டு இன்ச் குஞ்சு முழு நிறத்தில் ஜொலித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தொட்டிக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விடியற்காலை தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தீர்களா? இது அமேசான் படுகை மீன், 28 முதல் 30 டிகிரி வேண்டும். அதற்குக் கீழே பசியும் செரிமானமும் மந்தம். ஹீட்டர் மாட்டி நாளுக்கு ஒரு டிகிரியாக ஏற்றுங்கள்.

மணலை எடுத்துவிடுங்கள். வளரும் குஞ்சுக்கு வெறும் கண்ணாடித் தரைதான் நல்லது, மிச்சத் தீனியும் எச்சமும் கண்ணில் படும், உடனே உறிஞ்சி எடுக்கலாம். தீனியை நாலைந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பெல்லட்டோடு கொழுப்பும் நாரும் நீக்கி அரைத்த மாட்டு இருதயம் கொடுக்கலாம். நான் குளச்சலில் வாங்கும் இறாலையும் தோல் உரித்து அதோடு சேர்த்து அரைத்து, தட்டையாக ஃப்ரீசரில் வைத்துவிடுவேன். ஆனால் இந்தத் தீனி தண்ணீரைச் சீக்கிரம் கெடுக்கும். அதனால் வாரம் ஒரு முறை மாற்றுவது போதாது, தினமும் மூன்றில் ஒரு பங்காவது மாற்றவேண்டும். என்னைக் கேட்டால் தீனியைவிட இதுதான் முக்கியம்.

கிணற்றுத் தண்ணீரை இறைத்ததும் ஊற்றாதீர்கள். அதில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், அது வெளியேறும்போது பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) ஏறும். டிரம்மில் பிடித்து, ராத்திரி முழுக்க ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு, சூட்டைச் சமமாக்கிக் காலையில் ஊற்றுங்கள்.

சின்ன இரண்டும் தீனிக்கு வருகின்றனவா, மூலையில் ஒதுங்குகின்றனவா? எச்சம் வெள்ளையாக, சளி போல நூலாகத் தொங்குகிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

மணவாளக்குறிச்சி கடலோரம்:
எங்கள் கிணறு கொஞ்சம் உப்பு, கடினத் தண்ணீர். அதிலேயே பண்ணையில் பிறந்த டிஸ்கஸ் நன்றாக வளர்கிறது. முட்டை பொரிக்கத்தான் மென்மையான தண்ணீர் வேண்டும். கரண்ட் போகும் நாளுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

தக்கலை மீன்தொட்டி:
அண்ணே, பார்த்தேன். காலையில் 25 டிகிரி. ஒன்றுக்கு எச்சம் வெள்ளையாக நூல் போல இருக்கிறது. இன்னொன்றை மற்றவை துரத்துகின்றன. மூன்றடித் தொட்டியே போதுமா?

குலசேகரம் டிஸ்கஸ்:
வெள்ளை எச்சம் போடுவதை இன்றைக்கே வேறு தொட்டியில் பிரியுங்கள், பெரும்பாலும் குடலில் ஒட்டுண்ணி. அது இருக்கும்வரை எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. மெட்ரோனிடசோல் மருந்துக்குக் கேட்கும், தொட்டி எத்தனை லிட்டர் என்று சொன்னால் அளவு சொல்கிறேன். மற்றவை துரத்தும் மீனைத் தனியாக்காதீர்கள், தனியாக இருந்தால் பயந்து சாப்பிடாது. கூட்டத்தோடு விட்டு, தீனியை இரண்டு மூலையிலும் போடுங்கள். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் கணக்கு, உங்கள் தொட்டி 180 லிட்டருக்கு மேல் இருக்காது, ஆறு மீனுக்குப் போதாது. சித்திரைக்குள் நாலடித் தொட்டி பாருங்கள்.