டெங்கு போய் 5 மாதம் ஆச்சு, மகள் இன்னும் தேறவில்லை

கேள்வி (திண்டுக்கல் அம்மா):
மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன். நவம்பரில் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காய்ச்சல் போனது, தெம்பு திரும்பவில்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண் விழித்துக் கிடந்தவள் போல இருக்கிறாள். தலைக்குக் குளித்தால் துவட்டக் கை எழாமல் ஈரத்தலையோடு படுத்துவிடுவாள். தலையணை நனைந்து கிடக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை எல்லாம் நார்மல். "படிக்கப் பயம், மனசுதான். தினமும் அரை மணி நேரம் ஓடட்டும்" என்றார் டாக்டர். ஓடினாள். மறுநாள் சும்மா இருந்தது, அதற்கடுத்த நாள் தொண்டை வலி, கால் குடைச்சல், நாலு நாள் படுக்கை. மாமியார் செல்போனைக் குறை சொல்கிறார். போன வாரம் அவளே, "எனக்குப் பைத்தியமாம்மா?" என்று கேட்டாள். மனநல டாக்டரிடம் போனால் "மனசுதான்" என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

பதில் 1:
நிலவேம்புக் கஷாயம் கொடுங்கள் சகோதரி.

பதில் 2 (மதுரைக்காரி):
முதலில் அந்த ஓட்டத்தை நிறுத்துங்கள். என் மகனும் இப்படித்தான், உழைத்த அன்று தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்து விழுவான். எம்.இ./சி.எஃப்.எஸ். எனும் நாள்பட்ட சோர்வு நோயின் முக்கிய அடையாளமே அதுதான். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை இந்த நோய்க்கு வேண்டாம் என்று 2021-இல் சொல்லிவிட்டது. அதற்காக நாமே பெயர் வைத்துவிடக் கூடாது. ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி பார்த்தீர்களா? ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், அதைக் காட்டுவதுதான் ஃபெரிட்டின். படுத்திருக்கும்போது நாடி எண்ணுங்கள், எழுந்து நின்ற பிறகு பத்து நிமிடம் வரை எண்ணுங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட நிமிடத்துக்கு 40 துடிப்புக்கு மேல் கூடினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள். தலைக்குக் குளிக்கிற நாளில் டியூஷன் வேண்டாம்.

பதில் 3 (பள்ளி ஆலோசகர்):
அவளிடம் ஒன்று கேளுங்கள்: "நாளைக்கே தெம்பு வந்தால் என்ன செய்வாய்?" மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை பெரும்பாலும் "ஒன்றும் வேண்டாம்" என்று திரும்பிப் படுத்துக்கொள்ளும். உடம்பு ஒத்துழைக்காத பிள்ளை வரிசையாகச் சொல்லும். இது பரிசோதனை அல்ல, இரண்டும் சேர்ந்தும் வரும். ஐந்து மாதம் யாரும் நம்பாவிட்டால் பெரியவர்களுக்கே மனசு விட்டுப்போகும். ஆகவே மனநல டாக்டரிடமும் போங்கள், உடம்புக்கான தேடலையும் விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே போக வேண்டும்.

திண்டுக்கல் அம்மா:
நிலவேம்பு அண்டா கணக்கில் குடித்தாயிற்று, அண்ணா.

நேற்று ராத்திரி கேட்டேன். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிக்கணுமாம், மொட்டை மாடியில் கயிறு தாண்டணுமாம், அத்தை பெண் கல்யாணத்துக்கு மருதாணி அவள்தான் வைக்கணுமாம். அப்புறம் கொடைக்கானல் என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். ஸ்டூல் வாங்கியாச்சு. திங்கட்கிழமை ஃபெரிட்டினுக்கு ரத்தம் கொடுக்கிறோம், புதன்கிழமை மனநல டாக்டர். இரண்டையும் ஒரே நாளில் வைக்கவில்லை.